பரிசோதனைக் கருவிகளும் உழைப்பும் வன்னி நிலமும்: ஒரு வரலாற்று நோக்கு

கருவிகளின் வரலாற்றை அவற்றைக் கண்டுபிடித்தோரின் பெயர்ப்பட்டியலாக எழுதுவது நம்மிடையே நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கம். இவ்வழக்கம் தீங்கற்றதுபோலத் தோன்றினும், கருவிக்கும் சமூகத்துக்கும் உள்ள உறவை மறைத்துவிடும் இயல்புடையது. ஒரு கருவி எத்தகைய உழைப்பின் இடத்தைப் பெற்றது, யாருடைய தேவையிலிருந்து முகிழ்த்தது, ஈற்றில் யாருடைய உடைமையாயிற்று ஆகிய மூன்று வினாக்களையும் எழுப்பாமல் எழுதப்படும் எந்தத் தொழில்நுட்ப வரலாறும் அரைகுறை வரலாறே ஆகும். மேசைக் கணினியில் இயங்கும் மென்பொருள்களைத் தானாகவே சோதிக்கும் கட்டற்ற கருவிகளை இம்மூன்று வினாக்களின் ஒளியில் நோக்குவதே இக்கட்டுரையின் முயற்சியாகும். அவற்றின் பொருத்தப்பாட்டைக் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களை உள்ளடக்கிய வன்னிப் பெருநிலப்பரப்பின் நிலைமைகளோடு சேர்த்து நோக்குவதும் அம்முயற்சியின் பகுதியே.

தமிழிலக்கிய ஆய்வாளன் ஒருவனுக்கு இப்பொருளில் என்ன அக்கறை என்னும் ஐயம் எழுதல் இயல்பு. அதற்கான விடை நமது பதிப்பு வரலாற்றிலேயே உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலரும் (1822–1879) சி. வை. தாமோதரம்பிள்ளையும் (1832–1901) அச்சேற்றிய நூல்களின் முகப்பேடுகளைப் பார்ப்போர், அவை அவர்களால் ‘பரிசோதித்து’ப் பதிப்பிக்கப்பட்டன என்னும் தொடரைக் காண்பர். அக்காலத்தில் பரிசோதனை என்பது ஆய்வுகூடச் சொல்லாக மட்டும் வழங்கவில்லை. பல ஏடுகளை ஒப்புநோக்கிப் பிழைகளைந்து, பாடத்தின் நம்பகத்தன்மைக்குத் தாமே பொறுப்பேற்கும் புலமை உழைப்பின் பெயராகவும் அது வழங்கிற்று. மென்பொருளும் எழுதப்பட்ட ஒரு பாடமே. அதனைப் பரிசோதிக்கும் உழைப்பும் அவ்வுழைப்பின் தொடர்ச்சியே எனக் கொள்வதில் தவறில்லை.

1. சோதித்தல் என்னும் உழைப்பு

மென்பொருளாக்கம் ஒரு நெருக்கடிக்குள்ளாகியிருக்கிறது என்பது 1968ஆம் ஆண்டு மேற்கு ஜேர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ அமைப்பின் ஆதரவில் நடைபெற்ற மாநாட்டிலேயே வெளிப்படையாகப் பேசப்பட்டது. கணினிகளின் ஆற்றல் பெருகிய வேகத்துக்கு, அவற்றுக்கான நிரல்களை நம்பகமாக ஆக்கும் திறன் ஈடுகொடுக்கவில்லை. சோதனையானது பிழை உண்டென்பதைக் காட்டவல்லதேயன்றிப் பிழை இல்லையென்பதை நிறுவவல்லதன்று என்னும் கருத்தை ஒல்லாந்துக் கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா வலியுறுத்தியதும் இக்காலப் பகுதியிலேயே. இக்கருத்தின் உட்கிடை மனங்கொள்ளத்தக்கது. பிழையின்மையை ஒருபோதும் நிறுவ முடியாதெனின், சோதனை ஒருமுறை செய்து முடித்துவிடும் செயலாக இருத்தல் இயலாது. நிரலில் ஒரு வரி மாற்றப்படுந்தோறும், முன்னர்ச் சரியாக இயங்கியவை இன்னும் சரியாக இயங்குகின்றனவா என்பதை மீண்டும் பார்த்தாக வேண்டும்.

இவ்வாறு மீண்டும் மீண்டும் பார்க்கும் உழைப்பு வன்னி மக்களுக்குப் புதியதன்று. வன்னியின் நாட்டார் இலக்கிய மரபில் குருவிப் பள்ளு, பண்டிப் பள்ளு ஆகியன இடம்பெறுகின்றன. குருவியினின்றும் பன்றியினின்றும் பயிரைக் காக்கும் கமக்காரரின் உலகிலிருந்து பிறந்தவை அவை. காவலுழைப்பு புதிதாக ஒரு நெல்மணியையேனும் விளைவிப்பதில்லை. ஆயினும் அஃதின்றேல் விளைந்தது வீடு வந்து சேராது. மென்பொருட் சோதனையாளரின் உழைப்பும் இத்தகையதே. அது கண்ணுக்குப் புலப்படும் புதுப்பொருள் எதனையும் ஆக்காமையால், மென்பொருள் தொழிற்றுறையின் படிநிலையில் நிரலாளருக்குக் கீழ்ப்பட்டதாகவே பெரும்பாலும் மதிக்கப்பட்டு வந்துள்ளது.

திரையில் பொத்தான்களும் பட்டிகளும் சாளரங்களும் கொண்ட வரைகலை இடைமுகம் பரவியபோது இவ்வுழைப்பு பன்மடங்காயிற்று. எழுத்துக் கட்டளைகளால் மட்டும் இயங்கிய நிரலை மற்றொரு நிரலால் சோதிப்பது எளிது. சுட்டியை நகர்த்திச் சொடுக்கும் மனிதக் கையையும் திரையை நோக்கும் மனிதக் கண்ணையும் நிரலால் போலச்செய்வது எளிதன்று. அப்பிள் நிறுவனத்தின் மக்கின்ரோஷ் கணினி 1984 ஜனவரியில் விற்பனைக்கு வருமுன், 1983இல் ஸ்டீவ் கப்ஸ் என்னும் பொறியியலாளர் ‘குரங்கு’ எனப் பெயரிய சிறு நிரலொன்றை எழுதினார். அது கட்டுமானமின்றித் திரையெங்கும் சொடுக்கியும் தட்டச்சிட்டும் மென்பொருள் எப்போது நிலைகுலைகிறதெனக் காட்டிற்று. தன்னியக்கச் சோதனையின் தொடக்ககால முயற்சிகளுள் இதுவும் ஒன்று. குரங்குக்கு நோக்கமில்லை, விளைவு சரியா பிழையா என அது அறியாது. அறியும் பொறுப்பு மனிதரிடமே எஞ்சியது.

1989இல் நிறுவப்பட்ட மெர்க்குரி இன்டராக்டிவ் நிறுவனத்தின் வின்ரன்னர் போன்ற வணிகக் கருவிகள் அடுத்துவந்த பத்தாண்டில் இத்துறையை ஆட்கொண்டன. மனிதர் செய்யும் சொடுக்குகளைப் பதிவுசெய்து மீள இயக்குதல் அவற்றின் அடிப்படை முறைகளுள் ஒன்றாகும். அந்நிறுவனத்தை 2006இல் ஹியூலெட் பக்கார்ட் ஏறத்தாழ 450 கோடி அமெரிக்க டொலருக்குக் கொள்வனவு செய்தது. சோதனையாளரின் கைத்திறனைப் பதிவுசெய்து பண்டமாக்குதல் எத்துணை ஆதாயமுடைய முயற்சியாக இருந்ததென்பதற்கு இத்தொகையே சான்று. 2004இல் சிக்காகோவில் ஜேசன் ஹக்கின்ஸ் என்பார் இணைய உலாவிகளைச் சோதிப்பதற்கு ஆக்கிய கட்டற்ற கருவிக்குச் செலீனியம் என்னும் பெயர் இடப்பட்டது. பாதரச நச்சுக்குச் செலீனியம் மாற்றாகும் என்னும் கருத்தை வைத்து, மெர்க்குரி நிறுவனத்தை எள்ளிப் பிறந்த பெயர் அது. அவ்வெள்ளலின் அடியில், விலைகொடுத்து வாங்கவேண்டிய கருவிக்கு எதிராகப் பொதுவுடைமைக் கருவியை நிறுத்தும் ஒரு காலத்தின் மனநிலையும் உண்டு.

2. கண்ணற்றோர் போராட்டமும் கருவியின் கண்ணும்

மேசைக் கணினி மென்பொருளைச் சோதிக்கும் கட்டற்ற கருவிகளின் வரலாற்றில், பலர் அறியாததும் மிகமுக்கியமானதுமான ஒரு திருப்பம் உண்டு. பதிவுசெய்து மீள இயக்கும் தொடக்ககால முறை, திரையின் இன்ன புள்ளியில் சொடுக்குக என்னும் கட்டளையில் தங்கியிருந்தது. பொத்தான் சற்றே இடம்மாறினாலும் சோதனை முறிந்துவிடும். எனவே ‘இந்தப் புள்ளியில்’ என்பதை விடுத்துச் ‘சேமி என்னும் பெயருடைய பொத்தானில்’ எனக் கட்டளையிடும் வழி தேவைப்பட்டது. திரையில் உள்ள ஒவ்வோர் உறுப்பும் தனது பெயரையும் தொழிலையும் நிலையையும் பிறிதொரு நிரலுக்குத் தானே கூறவேண்டும். இத்தகைய ஏற்பாட்டுக்கு உந்துசக்தியாக அமைந்தது சோதனைத் தொழிலின் தேவையன்று. பார்வையற்றோரின் தேவையே ஆகும்.

ஐக்கிய அமெரிக்காவின் 1973ஆம் ஆண்டுப் புனர்வாழ்வுச் சட்டத்தின் 504ஆம் பிரிவை நடைமுறைப்படுத்தக் கோரி, 1977 ஏப்ரலில் மாற்றுத்திறனாளிகள் சான் பிரான்சிஸ்கோ நகரின் மத்திய அரசுக் கட்டடமொன்றினுள் மூன்று வாரங்களுக்கு மேலாக அமர்ந்து போராடினர். அப்போராட்ட மரபின் வழியிலேயே 1990ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் பிறந்தது. 1995இல் விண்டோஸ் 95 வெளியானபோது, பார்வையற்ற ஊழியர்கள் அதனைப் பயன்படுத்த இயலாமையைக் காரணங்காட்டி மாசச்சூசெட்ஸ் மாநிலத்திலிருந்து கொள்வனவு மறுப்பு எச்சரிக்கை எழுந்தது. மைக்ரோசொப்ட் நிறுவனம் 1997இல் அணுகல் இடைமுகமொன்றை வெளியிட்டமையை இந்நெருக்குதலிலிருந்து பிரித்து நோக்குதல் இயலாது. 1998இல் திருத்தப்பட்ட 508ஆம் பிரிவு, மத்திய அரசு கொள்வனவு செய்யும் தகவல் தொழில்நுட்பம் மாற்றுத்திறனாளிகளால் அணுகத்தக்கதாக இருத்தல் வேண்டுமென விதித்தது. அரசு என்னும் பெருங்கொள்வனவாளரை இழக்க விரும்பாத நிறுவனங்கள் பணிந்தன. லினக்ஸ் உலகில் வழங்கும் நோம் மேசைச் சூழலுக்கு அணுகல் இடைமுகத்தை உருவாக்குவதில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் பெரும்பங்கு வகித்தது இதனை அடுத்தேயாகும்.

திரைவாசிப்பான் என்னும் நிரல் இவ்விடைமுகத்தின் வழியே திரையிலுள்ளவற்றை அறிந்து ஒலியாக்கிக் கூறுகிறது. பார்வையற்றவருக்குத் திரையை உரைக்கும் வழியே, கண்ணற்ற சோதனை நிரலுக்கும் உரைக்கும் என்பதைப் பொறியியலாளர் விரைவில் உணர்ந்தனர். 2000களின் நடுப்பகுதியில் நோவெல் நிறுவனத்தின் பெங்களூர் அலுவலகத்தோடு தொடர்புடையவர்களாக நாகப்பன் அழகப்பன் முதலிய இளம் பொறியியலாளர் தொடங்கிய ‘லினக்ஸ் மேசைச் சோதனைத் திட்டம்’ இவ்வுணர்விலிருந்தே எழுந்தது. ரெட் ஹட் நிறுவனத்தில் தோன்றிய டொக்டெயில் என்னும் கருவியும் அவ்வாறானதே. விண்டோஸ் உலகில், 2006ஐ அண்டி வெளியான யு.ஐ. ஒட்டோமேஷன் என்னும் இடைமுகம் அணுகலையும் சோதனையையும் வெளிப்படையாகவே இரட்டை நோக்கங்களாகக் கொண்டது. பைத்தன் மொழியில் அமைந்த பைவின்ஓட்டோ, 2010களின் நடுப்பகுதியில் தோன்றிய ஃபிளாயுஐ ஆகிய கட்டற்ற கருவிகள் அவ்விடைமுகத்தையே கண்ணாகக் கொண்டு இயங்குகின்றன.

இங்கு நாம் காண்பது, சமூகத்தின் விளிம்பில் நிறுத்தப்பட்டோரின் போராட்டப் பயன் உற்பத்திச் சாதனமாக உருமாறும் ஒரு செயற்பாட்டை. மார்க்ஸ் 1857–58ஆம் ஆண்டுக் குறிப்பேடுகளில், சமூகத்தின் பொதுஅறிவு இயந்திரத்தினுள் உறைந்து நேரடியான உற்பத்தி சக்தியாக மாறுவதைப் பற்றிச் சிந்தித்தார். அப்பொதுஅறிவில் அறிவியலாளரின் ஆய்வு மட்டுமன்றி, சக்கரநாற்காலியில் வந்து அரசுக் கட்டடத்தில் துயின்ற மக்களின் உறுதியும் உறைந்துள்ளது என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. உயர்ந்த இலாபம் ஈட்டும் நிறுவனங்களின் சோதனைக்கூடங்கள் இக்கடனை நினைவிற்கொள்வது அரிது.

3. இலவசமும் கட்டற்றதும்

ஆங்கிலத்தில் ஒரு சொல்லே விலையின்மையையும் விடுதலையையும் குறிப்பதால் எழும் மயக்கம் நன்கறியப்பட்டது. ரிச்சர்ட் ஸ்டோல்மன் 1983இல் குனு திட்டத்தை அறிவித்த காலந்தொட்டு இம்மயக்கத்தை நீக்கவே பெரிதும் உழைக்கவேண்டியிருந்தது. தமிழ் இவ்வகையிற் பேறுடையது. இலவசம் என்பது வேறு, கட்டற்றது என்பது வேறு என நம்மால் தெளிவாகக் கூறவியலும். மூலநிரலைப் படித்தறியவும் மாற்றவும் பிறரோடு பகிரவும் உரிமையளிப்பதே கட்டற்ற மென்பொருள். விலை கேட்காது, அவ்வுரிமைகளையும் அளிக்காது நிற்பது வெறும் இலவச மென்பொருள்.

இவ்வேறுபாடு சொல்லாராய்ச்சியன்று என்பதைச் சோதனைக் கருவிகளின் வரலாறே மெய்ப்பிக்கிறது. 1999இல் தோன்றிய ஓட்டோஇட் விண்டோஸ் செயல்களைத் தன்னியக்கமாக்க எளியோர் பலருக்குக் கைகொடுத்த கருவி; விலையற்றது. ஆயினும் அதன் மூலநிரல் பின்னாளில் மூடப்பட்டது. 2003இல் அதன் சூழலிலிருந்து கிளைத்த ஓட்டோஹொட்கீ குனு பொதுமக்கள் உரிமத்தின்கீழ் வெளியாகிக் கட்டற்றதாகவே தொடர்கிறது. மைக்ரோசொப்ட் நிறுவனம் 2016இல் வெளியிட்ட வின்அப்டிரைவர் விலையின்றிக் கிடைத்தது. செலீனியத்தின் முறைகளை மேசை மென்பொருளுக்கும் கொண்டுவந்தமையால் பலரும் அதனை நாடினர். அதன் உட்கரு நிரலோ வெளியிடப்படவில்லை. 2020ஐ அண்டி நிறுவனம் அதன் வளர்ச்சியை நிறுத்திவைத்தபோது, அதனை நம்பி ஆயிரக்கணக்கான சோதனைகளை எழுதியோர் பிழைகளைத் தாமே திருத்தவும் வழியின்றி நின்றனர்.

இதற்கு மாறான நிகழ்ச்சியும் உண்டு. 2010இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸை ஒராக்கிள் நிறுவனம் கைப்பற்றியதும், நோம் அணுகற் பணியில் ஈடுபட்டிருந்த முதன்மைப் பணியாளர் சிலர் வேலையிழந்தனர். முதலாளித்துவ நிறுவனத்தின் தயவு எத்துணை நிலையற்றதென்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டு. ஆயினும் நிரல் கட்டற்றதாக இருந்தமையால், அப்பணியைப் பிறர் தொடரமுடிந்தது. ஓர்கா என்னும் திரைவாசிப்பான் இன்றும் வளர்ந்துவருகிறது. இவ்விரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்து நோக்குமிடத்து, இலவசம் ஈகையாளனின் விருப்பில் தங்கியது என்பதும், கட்டற்றமை பயன்படுத்துவோரின் உரிமையில் தங்கியது என்பதும் புலனாகும். குளத்து நீரை ஒருவர் மனமிரங்கித் திறந்துவிடுவதற்கும், கமக்காரர் அமைப்பு துருசின் திறப்பைத் தன் கையில் வைத்திருப்பதற்கும் உள்ள வேறுபாடே இது.

எனினும் கட்டற்ற மென்பொருளைப் பொதுவுடைமையின் முன்னோடியென அப்படியே போற்றுதல் வரட்டுவாதமாகும். 2005இல் பின்லாந்து மாணவர் பெக்கா கிளார்க்கின் ஆய்வேட்டில் கருக்கொண்டு, நோக்கியா வலையமைப்பு நிறுவனத்தில் வளர்ந்து, 2008இல் கட்டற்றதாக வெளியான ரொபொட் ஃபிரேம்வேர்க் இதற்கு உதாரணம். போட்டி நிறுவனங்கள் யாவற்றுக்கும் சோதனைக் கருவி தேவை. ஆயின் எதற்கும் அது விற்பனைப் பண்டமன்று. எனவே அதனைப் பொதுவில் வைத்துச் செலவைப் பகிர்தல் அவற்றுக்கு இலாபம். மூலதனம் தன் நலன் கருதியே பொதுச்சொத்தை ஆக்குகிறது. அவ்வாறு ஆக்கப்பட்ட பொதுச்சொத்து அதன் நலனைக் கடந்தும் பயன்படத்தக்கது. இம்முரண்பாட்டின் இரு முனைகளையும் ஒருங்கே காண்பதே இயக்கவியல் நோக்கு.

4. வன்னியின் நிலைமைகள்

1990இல் போர் மீண்டும் மூண்டதிலிருந்து வன்னியின் பெரும்பகுதி பொருளாதாரத் தடைக்குட்பட்டிருந்தது. எரிபொருளும் மின்கலமும் சீமெந்தும் பசளையும் தடைசெய்யப்பட்ட அல்லது கட்டுப்படுத்தப்பட்ட பொருள்களாயின. தேசிய மின்வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்ட நிலமொன்றில் கணினி என்பது மின்பிறப்பாக்கி உள்ளோரின் கருவியாகவே இருந்தது. உலகில் தனியாட் கணினி பரவி நிலைத்த பத்தாண்டும் இணையம் பரவிய பத்தாண்டும் வன்னிக்குத் தடையின் பத்தாண்டுகளாகவும் போரின் பத்தாண்டுகளாகவும் கழிந்தன. 2002இன் போர்நிறுத்தம் சிறிது மூச்சுவிட இடந்தந்தது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையை அழித்தது. அவ்வனர்த்தத்தை அடுத்தே இலங்கையின் தன்னார்வ நிரலாளர்கள் சகானா என்னும் கட்டற்ற அனர்த்த முகாமைத்துவ மென்பொருளை உருவாக்கினர். 2006இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சமூகப்பயனுக்கான தனது விருதை அதற்கு வழங்கிற்று. இலங்கையின் மென்பொருளாக்கத் திறன் உலகரங்கில் மதிப்புப்பெற்ற அவ்வேளையில், அலை தாக்கிய நிலங்களுள் ஒன்றான வன்னி மீண்டும் போரை நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. 2009 மே மாதத்தில் முல்லைத்தீவுக் கரையில் அப்போர் பேரழிவுடன் முடிந்தது.

உயர்கல்வியின் வரலாறும் இவ்வாறே சிதறுண்டது. 1990இல் கிளிநொச்சியில் தொடங்கப்பட்ட யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடம் போரினால் இடம்பெயரவேண்டியதாயிற்று. 1991இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோற்றம்பெற்று, 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகமாகிய நிறுவனம், 2021 ஆகஸ்டில் வவுனியாப் பல்கலைக்கழகமாகத் தனித்துவம் பெற்றது. கிளிநொச்சி அறிவியல் நகரில் 2014இல் பொறியியற் பீடம் தொடங்கியது; கணினிப் பொறியியலும் அங்கு பயிற்றப்படுகிறது. 2013 செப்டெம்பரில் புகையிரதம் கிளிநொச்சிக்கு மீண்டும் வந்தது. ஆக, வன்னியில் கணினி உயர்கல்வி நிலையான தளத்தில் காலூன்றியது மிக அண்மைக் காலத்திலேயே எனலாம்.

இப்பின்னணியில் கட்டற்ற சோதனைக் கருவி இருவகையில் முக்கியத்துவம் பெறுகிறது. முதலாவது வெளிப்படையானது. வணிகச் சோதனைக் கருவிகளின் உரிமக் கட்டணம் டொலரில் கணக்கிடப்படுவது. 2022இல் இலங்கை வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதென அறிவித்து, ரூபாவின் பெறுமதி பெருவீழ்ச்சியுற்றபின், அத்தகைய உரிமம் வன்னி மாணவனுக்கு எட்டாக்கனியே. பைவின்ஓட்டோவோ ரொபொட் ஃபிரேம்வேர்க்கோ பழைய மடிக்கணினியொன்றில் விலையின்றி நிறுவத்தக்கது. அதன் மூலநிரலைத் திறந்து படிப்பதே ஒரு பாடநூலைப் படிப்பதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது வேலைவாய்ப்போடு தொடர்புடையது. கைமுறைச் சோதனையாளர் பணி, மென்பொருட்டுறைக்குப் புதிதாக வரும் இளைஞருக்கு, சிறப்பாகப் பெருநகரத் தொடர்புகளும் ஆங்கில வசதியும் குறைந்த பிரதேசத்தவருக்கு, நுழைவாயிலாக இருந்துவந்துள்ளது. தன்னியக்கம் அந்நுழைவாயிலை ஒடுக்குகிறது. 1811இலிருந்து இங்கிலாந்தில் பின்னல் இயந்திரங்களை உடைத்த லுட்டைற்றுகளை அறியாமையில் மூழ்கியோர் என ஏளனஞ் செய்வது நீண்டநாள் வழக்கமாயிருந்தது. அவர்கள் எதிர்த்தது இயந்திரத்தையன்று, இயந்திரம் யார் கையில் எந்நிபந்தனையோடு இயங்கியது என்பதையே என ஈ. பி. தொம்சனின் 1963ஆம் ஆண்டு ஆய்வு தெளிவுறுத்திற்று. ஹரி பிரேவர்மன் 1974இல் எழுதியவாறு, முதலாளித்துவத்தின்கீழ்த் தொழில்நுட்பம் உழைப்பைச் சிந்தனை வேறு செயல் வேறு எனக் கூறுபடுத்தும் போக்குடையது. இக்கூறுபாட்டில் வன்னி இளைஞர் செயற்பக்கத்தில் மட்டும் நிறுத்தப்படின், இயந்திரம் வந்தவுடன் வெளியேற்றப்படுவர். கருவியை எழுதவும் திருத்தவும் வல்லவராயின் நிலைமை வேறாகும். கட்டற்றமை அதற்கு வாய்ப்பளிக்கிறது, உத்தரவாதமளிப்பதில்லை.

5. தமிழ்ப் பாடமும் இயந்திர வாசிப்பும்

இவ்விடத்திலேயே தமிழறிவு நேரடியாக வினைக்கு வருகிறது. கமநல சேவை நிலையமொன்றில் கமக்காரரின் பெயர், ஊர், வயற்பரப்பு ஆகியவற்றைப் பதியும் மேசை மென்பொருள் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். சோதனை நிரல் அதனைத் திறந்து, ஊர்ப்பெயரைத் தட்டச்சிட்டு, இரண்டரை ஏக்கர் எனப் பதிந்து, சேமித்து, மூடி, மீளத் திறந்து, இட்டதும் எடுத்ததும் ஒன்றேயா என ஒப்பிடுகிறது. ஊர் முல்லைத்தீவு மாவட்டத்துக் கொக்குத்தொடுவாய் எனக் கொள்வோம். யுனிகோட் முறையில் ஒகர உயிர்மெய்யின் குறியை ஒரே குறியீடாகவும் இடலாம்; எகரக் குறியும் காலும் என இரண்டு குறியீடுகளாகவும் இடலாம். இரண்டும் திரையில் ஒன்றுபோலவே தோன்றும். யுனிகோட் விதியும் இரண்டையும் சமமென்றே கொள்ளும். இவ்வூர்ப்பெயரில் அத்தகைய எழுத்துகள் இரண்டு: ‘கொ’, ‘தொ’. எனவே இவ்வொரு பெயரைக் கணினியில் நான்கு வகையாக எழுதலாம். குறியீடுகளை ஒருமுகப்படுத்தாது ஒப்பிடும் நிரலுக்கு இவை நான்கு வெவ்வேறு ஊர்கள். 1984இல் இடம்பெயர்க்கப்பட்டு, போர் முடிந்தபின் மீண்டு வந்து காணியுரிமைக்கு அலைந்த மக்களின் ஊர் இது. பதிவேட்டில் தேடியபோது ‘அவ்வாறான பெயர் இல்லை’ என விடைவருமாயின், அது வெறும் தொழில்நுட்ப வழுவாக நின்றுவிடாது.

வேறொரு இடரும் உண்டு. இலங்கையில் நெடுங்காலம் பரவலாக வழங்கிய பாமினி போன்ற எழுத்துருக்களில், திரையில் தெரிவது தமிழாயினும் கணினியில் உறைவது உரோமன் எழுத்துகளே. அணுகல் இடைமுகத்தின் வழியே வாசிக்கும் சோதனைக் கருவிக்கு அங்கே தமிழ் இல்லை. பொருளற்ற உரோமன் எழுத்துக் கோவையே கிடைக்கும். திரைவாசிப்பானைச் செவிமடுக்கும் பார்வையற்றவருக்கும் அதுவே கிடைக்கும். 2006இல் அவுஸ்திரேலியாவில் பார்வையற்ற நிரலாளர்களால் தொடங்கப்பட்ட என்.வி.டி.ஏ. என்னும் கட்டற்ற திரைவாசிப்பான், ஈஸ்பீக் ஒலியாக்கியின் துணையோடு யுனிகோட் தமிழை வாசிக்கவல்லது, பாமினியை வாசிக்கமாட்டாது. திரையைப் படமாகவே நோக்கும் வேறுவகைக் கருவிகளும் உள. 2009இல் மசச்சூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் உருவான சிக்குலி அவற்றுள் குறிப்பிடத்தக்கது. டெசரக்ட் என்னும் கட்டற்ற எழுத்துணரியும் தமிழை ஓரளவு அறியும். ஆயினும் இவை பழைய மென்பொருளைச் சோதிக்க உதவுமேயன்றிப் பார்வையற்றவருக்கு அதனைத் திறந்துவிடமாட்டா.

போர் பலரின் கண்ணொளியைப் பறித்த நிலம் வன்னி. இலங்கையில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கமாக நிறைவேறியது. ஐக்கிய நாடுகளின் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்புறுதி செய்தது. தமிழ், அரசகரும மொழிகளுள் ஒன்றாக 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தால் ஏற்கப்பட்டது. தமிழ்த் தகவல் தொழில்நுட்பத்துக்கான இலங்கைத் தரநிர்ணயம் 2008இல் வெளியானது. எழுத்தில் உள்ள இவ்வுரிமைகள் நடைமுறையில் உள்ளனவா என்பதை அளக்க, கட்டற்ற சோதனைக் கருவி ஓர் எளிய உரைகல்லைத் தருகிறது. அரசு அலுவலகமொன்றின் மென்பொருளில் அக்கருவி தமிழ்ப் பொத்தானொன்றின் பெயரைத் தமிழாகப் படிக்க இயலாதாயின், அவ்வலுவலகத்தில் பார்வையற்ற தமிழர் ஒருவர் பணியாற்றவும் இயலாது. முன்னர்க் கூறிய வரலாறு இங்கு தலைகீழாகத் திரும்புகிறது. பார்வையற்றோருக்காகப் பிறந்த வழியைச் சோதனைத் தொழில் எடுத்துக்கொண்டது. அச்சோதனைத் தொழிலைக் கொண்டே பார்வையற்றோரின் உரிமையை இப்போது மெய்ப்பிக்கவியலும்.

6. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் சில முடிபுகள் பெறப்படும். மேசை மென்பொருளைச் சோதிக்கும் கட்டற்ற கருவிகள் தனிமனித மேதைமையின் விளைவல்ல. மாற்றுத்திறனாளிகளின் போராட்டம், அரசின் கொள்வனவு ஆற்றல், நிறுவனங்களின் செலவுக்குறைப்பு நாட்டம், தன்னார்வலரின் உழைப்பு ஆகியன ஒன்றோடொன்று மோதியும் இணைந்தும் தந்த விளைவாகும். இலவசம் என்பதில் மயங்கிக் கட்டற்றமையைக் கைவிடுவோர், கருவியை ஈந்தவர் மனம்மாறும் நாளில் வெறுங்கையராவர். தன்னியக்கம் சோதனையாளரின் சலிப்பூட்டும் உழைப்பைக் குறைப்பது உண்மை. மிஞ்சும் நேரம் யாருக்குரியது என்பதைக் கருவி தீர்மானிப்பதில்லை, உற்பத்தி உறவுகளே தீர்மானிக்கின்றன.

இவற்றிலிருந்து செய்யத்தக்க பணிகளும் புலனாகின்றன. வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் கணினி பயிலும் மாணவர், தமிழ்ப் பெயர்களையும் ஊர்ப்பெயர்களையும் அவற்றின் குறியீட்டு வேறுபாடுகளோடு தொகுத்து, எவரும் எடுத்தாளத்தக்க கட்டற்ற சோதனைத் தொகுதியொன்றை ஆக்குதல் பெருஞ் செலவின்றிச் செய்யக்கூடியது. அத்தொகுதியில் தேறாத மென்பொருளை வடக்கின் பொது நிறுவனங்கள் கொள்வனவு செய்யலாகாது எனக் கோருதல் நியாயமானது. 1998இல் ஐக்கிய அமெரிக்காவில் நிறுவனங்களைப் பணியவைத்தது அறவுரையன்று, கொள்வனவு நிபந்தனையே என்பது இங்கு நினைக்கத்தக்கது. இப்பணியில் தமிழ்த்துறையும் கணினித்துறையும் ஒருங்கே அமரவேண்டும். எந்த எழுத்து எவ்வாறெல்லாம் பிறழ எழுதப்படும் என்பதை அறிந்தோர் தமிழ்த்துறையிலேயே உளர்.

ஏட்டுச் சுவடிகளைப் பரிசோதித்த நம் முன்னோர், கிடைத்த பாடத்தைப் பிறர் சொற்படி ஏற்காது தாமே ஒப்புநோக்கிப் பார்த்தனர். மக்களின் பெயரும் ஊரும் காணியும் இன்று கணினிப் பாடங்களாகிவிட்டன. அப்பாடங்களை ஒப்புநோக்கும் கருவி மக்கள் கையில் இருத்தல் வேண்டும் என்பதே இவ்வாய்வின் முடிபாகும்.